கைவேலை

சுபஹைத் தொழுத கையோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தும் பஸ்மிலாவுக்குக் கிடைத்தது நாற்பத்தோராம் நம்பர். கல்முனை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் ஆட்கள் குந்தும் நீள வாங்குகள் ஏழு மணிக்கே நிறைந்துவிட்டன. நோன்பு காலம் என்பதால் எவர் கையிலும் பிளாஸ்க்கோ பணிஸ் பொட்டலமோ இல்லை. ஆட்கள் தங்கள் மஞ்சள் நிறக் கார்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த மணிக்கூட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்மிலா எதையும் பார்க்கவில்லை. கூரையில் மூன்று குழல் விளக்குகள் இருந்தன. நடுவிலிருந்தது விட்டு விட்டு எரிந்தது. அது ஒரு தரம் மின்னினால் அவளுடைய இரண்டு கண்களுக்கும் பின்னால் எங்கேயோ ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. இழுத்த இடத்திலிருந்து நோவு புருவத்தில் ஏறி, உச்சிக்குப் போய், பிடரியில் இறங்கிக் குந்திக்கொண்டது. தலைத்துணியின் ஓரத்தை முகத்துக்கு மேலாக இழுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்களை மூடியிருந்தாள். மூடினாலும் மணல் விழுந்ததுபோல உள்ளே உறுத்தியது.

"ராத்தா, நித்திரையா?" என்று பக்கத்திலிருந்த தங்கை நிப்லா கேட்டாள்.

"நித்திரை வந்தா நான் ஏன்கா இஞ்ச வாறன்."

முன் வாங்கில் ஒரு கண்ணுக்கு வெள்ளைத் துணி ஒட்டியிருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற மீராமுகைதீன் என்று காலையிலேயே எல்லோருக்கும் தன்னைச் சொல்லி வைத்திருந்தார்.

"என்ன மகள், கண்ணுல வெள்ளை விழுந்திரிக்கா, புகாராத் தெரியிதா?"

"தெரியாது வாப்பா. தலையிடி. கண்ணுக்குள்ள எரியிது. எட்டு மாசமா ஒருத்தரும் என்னண்டு சொல்றாங்க இல்ல."

"எனக்கு ஒண்டு ரெண்டாத் தெரியிது. வயல் ரெண்டாத் தெரிஞ்சாச் சந்தோசப்பட்டிருப்பன். பொண்டாட்டியெல்லோ ரெண்டாத் தெரியிறா. ஒராள்ட ஏச்சே எனக்குக் காணும்."

வாங்கு முழுவதும் சிரித்தது. பஸ்மிலாவும் சிரித்தாள். சிரித்ததில் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன.

எதிரே இருந்த சுபைறா என்ற பருத்த பெண்ணுக்குச் சிரிப்போடு விட மனமில்லை. "தாய்ப்பால் விட்டுப் பாத்தயாகா?"

"விட்ட."

"கொத்தமல்லி அவிச்ச தண்ணியால கழுவின?"

"கழுவின."

"அப்ப கண்ணூறுதான். ஒனக்கு இரிக்கிற நிறத்துக்கு ஆரும் பாத்துப் பெருமூச்சு விட்டிருப்பாளுகள்."

"அவட நிறமெல்லாம் போய் இப்ப எட்டு மாசம்" என்றாள் நிப்லா. "இப்ப பெருமூச்சு விடுறது நாங்கதான்."

எட்டு மாதம் என்று சொல்ல எளிதாக இருந்தது. போன கச்சான் காற்றுக் காலத்தில் முதலில் தலையிடி வந்தது. மாலையில் வந்து, விடிந்தால் போய்விடும். பிறகு விடிந்தாலும் போகவில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டினாள். பனடோல் கொடுத்தார்கள். பிரஷர் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். தனியார் டொக்டர் ஒருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டதும் எழுத்து பெரிதாகத் தெரிந்தது, நோவும் பெரிதாகத் தெரிந்தது. பள்ளிவாசல் மௌலவியிடம் தண்ணீர் ஓதிக் குடித்தாள். அவர் நல்ல மனிதர். ஓதிக் கொடுத்துவிட்டு, "புள்ள, இது ஊதிப் போற நோவில்ல. ஆஸ்பத்திரியில விடாமக் காட்டுங்க. நான் துஆச் செய்றன்" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று கிளினிக் வந்துவிட்டாள்.

போன இடமெல்லாம் ஒரே கேள்விகள்தான். எத்தனை நாளாக? சீனி இருக்கிறதா? போன் பார்க்கிறீர்களா? வேலை ஏதும் செய்கிறீர்களா?

"இல்ல சேர். சும்மா வீட்டதான்."

"அப்ப யோசிக்கிறது கூட. யோசிக்காதீங்க."

ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் அவளுடைய கணவன் ஜவாத் கூலியாளாகப் போவான். போனால் இரண்டு கிழமை. இந்த முறை போகும்போது அவனும் அதைத்தான் சொன்னான். "வெயிலப் பாத்துப் பாத்து எங்கட கண்தான் அவியிது. வீட்டுக்குள்ள நிழலுல சும்மா இரிக்கிற ஒனக்கு என்ன புள்ள?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டேதான் சொன்னான்.

பத்தரை மணிக்கு அவளுடைய நம்பர் வந்தது. முதலில் டொக்டர் இல்லை, மருந்து விடும் அறை. அங்கே தாதி இமக்குலேற் மிஸி நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. காலிலிருந்த செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"கண்மணி விரியிறதுக்கு மருந்து விடணும், மகள். நோன்பா?"

"ஓம் மிஸி."

"நான் வேதக்காரி, எனக்கு உங்கட சட்டம் தெரியாது. கண் மருந்துக்கு நோன்பு முறியாது எண்டு மௌலவிமார் சொன்னதா இஞ்ச வாறவங்க சொல்றாங்க. மனசுக்குச் சரியில்லாட்டி பெருநாளுக்குப் பிறகு வாங்க. நான் திகதி போட்டுத் தாறன்."

"பெருநாளுக்குப் பிறகு கண் இரிக்குமோ தெரியாது. விடுங்க மிஸி."

இமக்குலேற் மிஸி அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை மேலே தூக்கினாள். கீழிமையை விரலால் இழுத்தாள். மருந்துத் துளி விழுந்து எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பு இறங்கியது. பஸ்மிலா அதை விழுங்காமல் கைக்குட்டையில் துப்பினாள். மற்றக் கண்ணுக்கு வந்தபோது மிஸியின் கை நின்றது.

"இதென்ன, கன்னத்தில ஒண்டு மினுங்குது?"

நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தாள். கடுகளவு கண்ணாடிக் கல். பின்பக்கம் மஞ்சளாக ஏதோ பிசின் ஒட்டியிருந்தது.

"அது ராத்தாக்கு முளைக்கிறது மிஸி" என்றாள் நிப்லா. "போன கிழமை காதுக்குள்ள முளைச்ச. சோத்துக்குள்ளயும் முளைக்கும்."

"அபாயா உடுப்பில ஒட்டுற கல்தானே இது?"

"ஓம்."

"ஆர் ஒட்டுற?"

"நான்தான்" என்றாள் பஸ்மிலா.

"எத்தின நாளா?"

"மூணு வருசமாத் தைக்கிறன். கறுப்புத் துணியில கறுப்பு நூலால பூ தைக்கிற. கல் ஒட்டுறது போன வருசம் தொடங்கினது."

மிஸி கல்லைக் கீழே போடவில்லை. மேசையிலிருந்த மஞ்சள் கார்ட்டை எடுத்துத் தூரமாகப் பிடித்து வாசித்தாள். பிறகு பஸ்மிலாவைப் பார்த்தாள்.

"தொழில் இல்ல எண்டு கிடக்கு இதில."

"ஓம் மிஸி. தொழில் இல்ல."

"நாள் முழுக்கத் தைக்கிறன் எண்டு இப்பதானே சொன்னீங்க?"

"அது தொழிலா மிஸி? வீட்டுக்குள்ள இரிந்து செய்றதுதானே. கைவேல."

இமக்குலேற் மிஸி மற்றக் கண்ணுக்கும் மருந்தை விட்டாள். டொக்டரின் வாசலில் முன் நம்பர்களோடு காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். எங்கட நம்பர் என்னாச்சு என்று கதவருகே யாரோ கத்தினார்கள். பஸ்மிலாவின் கையைப் பிடித்து நேரே டொக்டரின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் இளவயதுச் சிங்களப் பெடியன். தமிழ் கொஞ்சம் பேசுவார். மிஸி சிங்களத்தில் சொல்லச் சொல்ல அவர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். எந்த மாதிரி அறை, யன்னல் எத்தனை, காற்றாடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

யன்னல் இரண்டு இருந்தன. இரண்டும் பூட்டித்தான் இருக்கும். வீடு கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கை. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் மணல் வந்துவிடும். கல் ஒட்டும் பசையான கம் காயும் முன்னே ஒரு பொட்டு மணல் ஒட்டினால் அந்த அபாயா திரும்பி வரும். காற்றாடி போட்டால் கல் பறக்கும். ஆகவே பஸ்மிலா யன்னலைப் பூட்டி, கதவடியில் பழைய சாரனைச் சுருட்டி வைத்து, காற்றாடியை நிறுத்தி, வெள்ளை விளக்கைத் தலைக்கு மேலே தாழக் கட்டிக்கொண்டு, காலை எட்டு மணிக்குக் குந்துவாள். ஊசி மருந்து போடும் குழாயில் கம்மை எடுத்துப் புள்ளி புள்ளியாக வைத்து, மெழுகு முனையால் கல்லைத் தொட்டு, ஒவ்வொன்றாக இருத்துவாள். ஒரு பெரிய பூவுக்கு நானூறு கல். கம்மின் மணம் முதலில் தலையைச் சுற்றும். அரை மணித்தியாலம் போனால் மணமே தெரியாது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழும்பி வெளியே வந்தால்தான் இவ்வளவு நேரமும் மணத்துக்குள் இருந்தது தெரியும். சில நாளில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஓங்காளிப்பாள். நல்ல காற்றுப் பட்டால்தான் தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று நினைத்திருந்தாள். அதனால் அஸரை அறைக்குள்ளேயே தொழுதுகொண்டு, பொழுதுபட்டு மஃரிப் வரை இருக்கப் பழகிக்கொண்டாள்.

இதையெல்லாம் அவள் சொல்ல மிஸி மாற்றிச் சொன்னாள். கடைசியைச் சொன்னபோது மிஸியின் குரல் இறங்கிவிட்டது.

டொக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கமெல்லாம் வர்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்குள்ளே ஓர் எண் இருக்கிறது, வாசியுங்கள் என்றார். முதலாம் பக்கத்தை வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் எண் இல்லை. மூன்றாம் பக்கத்திலும் இல்லை. நிப்லா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்தா, நல்லாப் பாரு, ஆறு மாதிரிக் கிடக்கி" என்றாள். மிஸி நிப்லாவின் தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

பஸ்மிலாவுக்கு அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லலாமா கூடாதா என்று யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"சேர், போன மாசம் ஒரு அபாயா திரும்பி வந்திட்டு. கறுப்பு நூல் எண்டு நினைச்சி கடும் நீல நூலாலப் பூ முழுக்கத் தைச்சிரிக்கன். வெயிலுல அதப் போட்டுக்கிட்டு நடக்கக்குள்ளதான் வாங்கின ஆள் கண்டிரிக்கி. எனக்கு இப்பவும் ரெண்டும் ஒண்டாத்தான் தெரியிது. கடைக்காரர் ஏசல்ல. ஆனா அதிலிரிந்து எனக்குப் பயம்."

டொக்டர் புத்தகத்தை மூடினார். "அம்மா, இத முதலே ஏன் சொல்ல இல்ல? நாங்க கேட்டதுதானே?"

"நீங்க வேல செய்றயா எண்டுதானே சேர் கேட்ட" என்றாள் பஸ்மிலா.

அவர் மிஸியைப் பார்த்தார். மிஸி சிங்களத்தில் ஏதோ தொடங்கி, நடுவில் விட்டு, மறுபடி தொடங்கினாள். பிறகு தமிழிலேயே, "இவங்களுக்கு வேலை எண்டா கந்தோருக்குப் போய்ச் சம்பளத்துக்குச் சைன் வைக்கிறது, டொக்டர்" என்றாள்.

அவர் கண்ணின் உள்ளே விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். சொன்னதை மிஸி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கம்மில் ஏதோ நஞ்சு இருக்கிறது. அது ஆவியாகி மூச்சில் போயிருக்கிறது. கண் நரம்பைத் தொட்டிருக்கலாம். இன்றைக்கே நிறுத்தினால் பார்வை பாதிக்கு மேல் திரும்பி வரவும் கூடும், வராமல் விடவும் கூடும். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் எந்தச் சோதனை, எந்த மருந்து என்று கொழும்புக்கு எழுதிக் கேட்கலாம். இல்லையென்றால் இருட்டுக்குள் தடவுவது மாதிரித்தான்.

"போத்தல்ல பேர் எழுதியிருக்குமே?"

"இல்ல மிஸி. கடையில பெரிய டின்னிலிரிந்து ஜேம் போத்தலுல ஊத்தித்தான் தருவாங்க."

டொக்டர் அரைத் தாளில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தார். கடைக்காரரிடம் காட்டுங்கள், டின்னில் உள்ள பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்.

வெளியே வரும்போது இமக்குலேற் மிஸி அந்த மஞ்சள் கார்ட்டை மேசையில் வைத்து, 'இல்லை' என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு வெட்டினாள். மேலே 'தையல், கல் ஒட்டுதல்' என்று எழுதினாள். எழுதிவிட்டு, "செவ்வாய்க்கிழமை நான் நம்பர் எடுத்து வைக்கிறன். விடிய வந்து கஷ்டப்பட வேணாம். ஒம்பது மணிக்கு வாங்க, மகள்" என்றாள். பஸ்மிலா அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்தாள். "அல்லாஹ் ஒங்களுக்குக் கிருபை செய்யட்டும் மிஸி" என்றாள். "எனக்கும் சேத்துக் கேளுங்க, மூட்டு நோகுது" என்றாள் மிஸி.

ஆஸ்பத்திரி வாசலில் வெயில் வெள்ளையாக நின்றது. விரிந்த கண்மணிக்குள் அது அப்படியே கொட்டியது. ரோடு, ஆட்டோ, மனிதர், எதற்கும் ஓரம் இல்லை. நிப்லா குடையை விரித்து ராத்தாவின் முகத்துக்கு முன்னால் தாழப் பிடித்தாள்.

"வீட்ட போவம் ராத்தா. கடை ஹாஜியார்ட்ட நாளைக்குப் போவம்."

"நாளைக்கு எண்டா என்ட மனசு மாறிரும். இண்டைக்கே போவம்."

"அந்தாள் கோவிச்சாரெண்டா? பெருநாளைக்கு இன்னம் ஒம்பது நாள்தான் கிடக்கு. வீட்ட பன்னிரண்டு அபாயா கிடக்கு."

"ஓம். அதான் யோசினை."

கொஞ்சத் தூரம் நடந்ததும் நிப்லா சொன்னாள்: "ராத்தா, ஒண்டு சொல்லவா? ஒன்னோட கல் ஒட்டுற எனக்கும் பின்னேரமானாத் தலை இடிக்கிறதான். நீ பயப்பிடுவாய் எண்டு சொல்லல்ல."

பஸ்மிலா நின்றாள். தங்கையின் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். குடைக்குக் கீழே ஒரு கலங்கிய மஞ்சள் வட்டம்தான் தெரிந்தது. அதைப் பார்த்து, "எவ்வளவு நாளா?" என்று கேட்டாள். நிப்லா, "வா, வெயில்" என்று மட்டும் சொன்னாள்.

கச்சிமுகம்மது ஹாஜியாரின் கடை கல்முனைப் பஸாரின் நடுவில் இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே தலையில்லாத பொம்மைகள் கறுப்பு அபாயாக்களைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. கூரை முழுக்கச் சிறிய வட்ட விளக்குகள். ஹாஜியார் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். பலகைத் தடுப்புக்குப் பின்னால் துணி வெட்டும் அழகரெத்தினம் மட்டும் இருந்தார். கத்தரிக்கோல் நின்றது. தடுப்புக்கு மேலே நரைத்த தலை தெரிந்தது.

"வாங்க தங்கச்சி. கண் என்ன, சிவந்து கிடக்கு?"

"கிளினிக்கில இரிந்து வாறம் அண்ணன். கம்மிட பேர் கேட்டு டொக்டர் கடுதாசி தந்திரிக்கார்."

அழகரெத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. தலை மறுபடி தடுப்புக்குக் கீழே போனது.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றாமலேயே வந்தார். இவர்களைக் கண்டதும் தன் கையால் இரண்டு கதிரை இழுத்துப் போட்டார். நின்ற காற்றாடியைப் போட்டு இவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

"இரிங்க புள்ள. நோன்போட இந்த வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க. சாமான் முடிஞ்சா?"

பஸ்மிலா கடிதத்தைக் கொடுத்தாள். அவர் ஒரு முறை பார்த்துவிட்டு மடித்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கார்ட்டில் வெட்டி எழுதியது வரை. ஹாஜியார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இடைக்கிடை "யா அல்லாஹ்" என்றார். அவள் முடித்ததும் கடிதத்தை மேசைக் கண்ணாடியில் வைத்து அவள் பக்கமாகத் தள்ளினார்.

"எத்தினயோ வீட்டுக்குக் குடுக்கன் புள்ள. ஒருத்தரும் இப்பிடிச் சொல்லல்ல."

"ஒருத்தருக்கும் வாய் இல்ல ஹாஜியார்" என்றாள் நிப்லா. "தலையிடி எல்லாருக்கும் இரிக்கி."

"மகள், நான் ஒங்கட வாப்பாட வயசுக்காரன். சொல்றத வெளங்கிக்கங்க. டொக்டர்ட கடுதாசியில என்ட கடைப் பேர் ஏறினா நாளைக்கு லேபர் கந்தோரால வருவானுகள். ஆர் வேல செய்ற, எத்தின பேர் எண்டு கேப்பானுகள். என்னட்ட வேல செய்றது நாலு பேர். நாலு பேர்ட பேரும் பதிஞ்சி கிடக்கு. ஒங்கட பேர் அதில இல்ல."

"எனக்குப் பேர் பதிய வேணாம் ஹாஜியார். டின்னில என்ன எழுதியிரிக்கி எண்டு சொன்னாக் காணும்."

"அதச் சொன்னாலும் இதுதான் வரும். நீங்க என்னட்ட வேல செய்யல்லயே, புள்ள. வீட்ட சும்மா இரிக்கிற பொம்புளையளுக்கு ஒரு ஒதவியாக் கிடக்கட்டும் எண்டுதானே நான் தாறன்." அவருடைய குரலில் கடுப்பு இல்லை. பெரிய மகளுக்குப் புத்தி சொல்வதுபோல இருந்தது. "ஸகாத்து குடுக்கிற லிஸ்டில ஒங்கட பேர நானே சொல்லிப் போட்டிரிக்கன். ஒங்கட மாப்பிள கடல்ல, வீட்டில கஷ்டம், எனக்குத் தெரியும். கண்ணுக்கு நல்ல டொக்டரா ஒராளக் காட்டுங்க. நானும் ராவைக்குத் தஹஜ்ஜத் தொழுகையில கேக்கன். மிச்சமிரிக்கிற பன்னிரண்டையும் தங்கச்சி முடிச்சித் தரட்டும்."

பஸ்மிலா கடிதத்தை எடுக்கவில்லை. கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள்.

"ஹாஜியார், எனக்கு ஸகாத்து வேணாம். கண் போனா என்ட ரெண்டு புள்ளைக்கும் சோறாக்க ஆள் இல்ல. அவங்கட முகத்த இப்பவே மூக்கு எது வாய் எது எண்டு கிட்ட வந்தாத்தான் தெரியிது. ஒரு பேர். ஒரு பேரத்தானே கேக்கன்."

அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். வாய் திறந்தார்போலவும் இருந்தது. அந்த நேரம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். ஹாஜியார் சட்டென்று எழுந்தார். "வாங்க வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று அவர்கள் பக்கம் போய்விட்டார்.

மேசையில் கிடந்த கடிதத்தை நிப்லா எடுத்து மடித்தாள். பலகைத் தடுப்பின் ஓரத்தால் அழகரெத்தினம் வந்தார். கையில் ஒரு கறுப்புத் துணித் துண்டு சுருட்டியிருந்தது.

"தங்கச்சி, நீங்க கேட்ட வெட்டுத் துணி" என்று உரத்துச் சொல்லி அதைப் பஸ்மிலாவின் கையில் வைத்து அழுத்தினார். துணிக்குள்ளே காகிதம் சரசரத்தது. ஒரு பக்கம் பிசுபிசுத்தது. குரலை இறக்கினார். "டின்னில ஒட்டிக் கிடந்தது. சீன எழுத்து. அடியில பொடி எழுத்தில இங்கிலீசும் கிடக்கு. ஒரு மண்டையோட்டுப் படமும் கிடக்கு. டொக்டருக்கு வெளங்கும்."

"ஒங்களுக்கு ஏதும் வந்தா அண்ணன்?"

"எனக்கென்ன. நான் பதிஞ்ச ஆள்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஊத்திக் குடுக்கிறது நான்தானே, தங்கச்சி. இவ்வளவு நாளும் நான்தானே ஊத்தின."

கத்தரிக்கோல் சத்தம் மறுபடி தொடங்கியது. பஸ்மிலா எழுந்தாள். துணிச்சுருளை அபாயாவின் கைக்குள்ளே தள்ளிக்கொண்டு பிஸ்மி சொல்லி அடி வைத்தாள். கதவு எந்தப் பக்கம் என்று உடனே பிடிபடவில்லை.

"பெருநாளைக்கா?" என்று ஹாஜியார் கேட்பது கேட்டது. "வேல இல்லாததா, வேல கூடினதா?"

"வேல கூடினதே காட்டுங்க" என்றாள் அந்தத் தாய். "ஒரே ஒரு மகள்."

ஹாஜியார் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஓர் அபாயாவை உதறி விரித்தார். கூரையிலிருந்த அத்தனை விளக்குகளும் ஆயிரம் கற்களில் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. விரிந்திருந்த பஸ்மிலாவின் கண்களுக்குள் அந்த வெளிச்சம் நெருப்பாகப் பாய்ந்தது. அவள் ஒரு கையால் முகத்தைப் பொத்தினாள். மற்றக் கையை நீட்டிக் கதவின் பிடியைத் தேடினாள். கண்ணாடிதான் தட்டுப்பட்டது, மறுபடியும் கண்ணாடி.

"தடவிப் பாருங்க புள்ள" என்று ஹாஜியார் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "மெஷின் இல்ல. அம்புட்டும் கைவேல."